ஓட்டுநர் ஏழின் நாற்பது விநாடி

ஏழாம் எண் ஓட்டுநரை நான் ஆறு வாரம் திட்டித் தீர்த்தேன். ஆளைப் பார்த்ததில்லை, பெயர் தெரியாது. திட்டுவதற்கு அதெல்லாம் தெரிந்திருக்க வேண்டுமா என்ன? கணினித் திரையில் ஏழு என்ற எண் வந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அலுவலகத்தில் எனக்குக் கடுகு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆள் சிறியவள், சூடு பட்டால் வெடிப்பேன் என்று அர்த்தமாம். என் முகத்துக்கு நேரே சொல்ல ஒருவருக்கும் துணிச்சல் இல்லை.

எங்களுடையது போக்குவரத்து ஆராய்ச்சி நிலையம். பெயர்ப்பலகை பெரிது, உள்ளே இருப்பது ஆறு பேர், சுவர் நிறையத் திரைகள், சொட்டுச் சொட்டாக வாளியில் ஒழுகும் ஒரு ஏசி. என்ன வேலை என்று யாராவது கேட்டால், சிக்னலுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன் என்பேன்.

பாடம் இதுதான். பேருந்துக்குள் ஒரு சின்னப் பெட்டி வைத்திருக்கிறோம். வண்டி எங்கே வருகிறது, என்ன வேகம், கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று அது விநாடிக்கு ஒரு தரம் எங்களுக்குச் சொல்லும். வண்டி சிக்னலை நெருங்கும்போது, எத்தனை விநாடியில் வந்து சேரும் என்று கணித்து, பச்சையைக் கொஞ்சம் நீட்டிப் பிடிப்போம். காரில் ஒருவர் போகிறார், பேருந்தில் ஐம்பது பேர் போகிறார்கள். ஐம்பது பேரை எதற்காகச் சிவப்பில் நிறுத்தி வைக்க வேண்டும்? ஒரே வழித்தடம், இருபது சிக்னல்கள், பன்னிரண்டு ஓட்டுநர்கள், மூன்று மாதச் சோதனை. தேறினால் ஊர் முழுக்கக் கொண்டுபோகலாம். தேறாவிட்டால் எங்கள் ஐந்து வருட உழைப்பை அட்டைப்பெட்டியில் கட்டிப் பரணில் போட்டுவிடுவார்கள்.

பத்தொன்பது சிக்னல்கள் சொன்ன பேச்சைக் கேட்டன. பதினான்காவது சிக்னல் மட்டும் கழுத்தை அறுத்தது.

அந்தச் சிக்னலுக்கு அறுபது மீட்டர் முன்னால் ஒரு நிறுத்தம் இருக்கிறது. காலை எட்டுப் பத்து வண்டியில் அங்கே ஏறுகிறவர்கள் மூன்று பேர், மிஞ்சிப்போனால் ஐந்து பேர். பன்னிரண்டு விநாடி தாராளம். ஆனால் திங்கள் முதல் வெள்ளி வரை எட்டுப் பத்து வண்டி அங்கே நாற்பது விநாடி கதவைத் திறந்து போட்டுக்கொண்டு நிற்கும். சிக்னல் பாவம், வண்டி இதோ வந்துவிடும் என்று நம்பிப் பச்சையைப் பிடித்துக்கொண்டிருக்கும். குறுக்குச் சாலையில் சைக்கிள்காரர்களும் பள்ளி வேன்களும் காலிச் சாலையை முறைத்துப் பார்த்தபடி நிற்பார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சிக்னல் சிவப்புக்கு மாறும். அப்போதுதான் நம் வண்டி ஆடி அசைந்து வந்து சிவப்பில் மாட்டும். இரண்டு பக்கமும் கெட்ட பெயர் சிக்னலுக்கு.

முதலில் கதவு சென்சார் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். பெட்டியை மாற்றினோம். நாற்பது விநாடி மாறவில்லை. அப்புறம்தான் ஓட்டுநர் வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். சனி, ஞாயிறில் மற்றவர்கள் அதே வண்டியை எடுக்கும்போது பன்னிரண்டு விநாடிதான். வாரநாள் ஐந்தும் ஓட்டுபவர் ஏழு. குட்டு வெளிப்பட்டுவிட்டது என்று துள்ளினேன். அந்த ஆள் அங்கே நிறுத்திவிட்டு டீ குடிக்கிறார், இல்லையென்றால் பேப்பர் படிக்கிறார், இதுதான் என் தீர்ப்பு.

ஓட்டுநர்களின் பெயர் எங்களுக்குத் தெரியக்கூடாது என்பது சோதனையின் முதல் விதி. எண்ணை வைத்து யாரையும் தண்டிக்கக்கூடாது என்று சங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். இதில் எனக்குக் கூடுதலாக ஒரு சங்கடம் உண்டு. என் தம்பி அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவன். ஆரம்பத்திலேயே இயக்குநரிடம் சொல்லிவிட்டேன். அவன் எண் உங்களுக்குத் தெரியாதவரை பிரச்சினை இல்லை, தெரிந்த அன்றைக்கு என்னிடம் வந்து சொல்லுங்கள் என்றார். அதனால் அவன் எந்த வண்டி எடுக்கிறான் என்று வீட்டில் நான் வாயைத் திறந்து கேட்டதே இல்லை. காலை முறையில் போகிறான் என்று மட்டும் தெரியும். காலை முறையில் ஐந்து பேர் இருக்கிறார்கள். அவன் ஏழாக இருக்கலாமே என்று ஒரு கணமாவது தோன்றியதா என்றால், சேச்சே. என் தம்பி கடிகாரத்துக்கே நேரம் சொல்லிக் கொடுப்பவன்.

அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட எட்டு வயது சின்னவன். அப்பா அம்மா போன பிறகு நான்தான் அவனுக்கு எல்லாம். எனக்குக் கல்யாணத்தில் நாட்டம் இல்லாமல் போனது, அவனுக்கு ஆகி நிலைக்காமல் போனது. அவன் மனைவி காய்ச்சலில் படுத்து ஒன்பது நாளில் போய்விட்டாள். ஏழு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து ஆள் ஊமைக்கோட்டான் ஆகிவிட்டான். நானும் நாலு இடம் பார்த்துச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் "வேணாம்க்கா" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விடுவான். எங்கள் வீட்டில் இரண்டு பேர் பேச வேண்டியதை நான் ஒருத்தியே பேசினேன்.

மூன்று நான்கு மாதமாக அவனிடம் ஒரு மாற்றம் இருந்தது. குளிக்கும்போது ஏதோ முனகிப் பாடினான். புதிதாக ஒரு சீப்பு வாங்கி வந்தான். சட்டைக் காலரை இரண்டு தடவை இஸ்திரி போட்டான். எனக்கு நிம்மதியாக இருந்தது, காரணத்தையும் உடனே கண்டுபிடித்துவிட்டேன். இப்போது வந்திருக்கும் புது வண்டிகளில் பவர் ஸ்டியரிங் இருக்கிறது, தோள்வலி போயிருக்கும், அதனால்தான் பாடுகிறான். ஆராய்ச்சிக்காரியின் மூளை அப்படித்தான் போகும்.

தினமும் இரவுச் சாப்பாட்டில் ஏழாம் எண் ஓட்டுநருக்கு அர்ச்சனை நடக்கும். வண்டிக்குள் அத்தனை பேர் காத்திருப்பது அந்த ஆளுக்கு உறைக்காதா, மனுஷன்தானா, உப்புப் போட்டுத்தான் சாப்பிடுகிறாரா என்று நான் பொரிந்து தள்ளுவேன். தம்பி குனிந்த தலை நிமிராமல் சாப்பிடுவான். எந்த நிறுத்தம் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். ஒரு நாள், பாவம்க்கா, ஏதாவது காரணம் இருக்கும் என்று முணுமுணுத்தான். ஓட்டுநருக்கு ஓட்டுநர் பரிந்து பேசுகிறாயா என்று அவனுக்கும் சேர்த்து விழுந்தது.

இறுதி ஆய்வுக் கூட்டத்துக்கு மூன்று வாரம் இருந்தது. இயக்குநர் தெளிவாகச் சொல்லிவிட்டார், பத்தொன்பது சிக்னல் தேறியதை யாரும் கேட்க மாட்டார்கள், தேறாத ஒன்றைத்தான் தோண்டுவார்கள் என்று. அறிக்கையின் வரைவில் நான் ஒரு வரி சேர்த்தேன்: எட்டுப் பத்து வண்டிக்கு வேறு ஓட்டுநரைப் போடலாம். இது தண்டனை மாதிரி இருக்கிறதே என்று இயக்குநர் முகம் சுளித்தார். பரிந்துரைதானே என்று சமாளித்தேன். அன்றைக்கு வியாழக்கிழமை. வெற்றிக் களிப்போடு வீட்டுக்கு வந்து, சாப்பாட்டைப் போட்டுவிட்டுத் தம்பியிடம் சொன்னேன், அந்த ஆளைத் தூக்கச் சொல்லி எழுதிவிட்டேன் என்று.

அவன் கை தட்டிலேயே நின்றது. ஒன்றே ஒன்று கேட்டான்.

"அந்த நிறுத்தத்தாலயா உன் வேலை கெடுது?"

"கெடுதா? குட்டிச்சுவராப் போகுது. அஞ்சு வருஷம்டா."

அவன் தலையாட்டினான். எழுந்து தட்டைக் கழுவினான். என் தட்டையும் சேர்த்துக் கழுவினான்.

மறுநாள் எட்டுப் பத்து வண்டி பன்னிரண்டு விநாடியில் கிளம்பியது. திங்கட்கிழமை பதினொன்று. செவ்வாய் பன்னிரண்டு. ஓட்டுநர் ஏழேதான், ஆள் மாறவில்லை, வண்டிதான் திருந்திவிட்டது. பதினான்காவது சிக்னல் சமர்த்துப் பிள்ளையாகப் பச்சையைக் காட்டியது, குறுக்குச் சாலைக்காரர்களும் நேரத்துக்குப் போனார்கள். என் வரைபடத்தில் அத்தனை நாளாகத் துருத்திக்கொண்டிருந்த முள் மறைந்து கோடு நேராகிவிட்டது. புதன்கிழமை அலுவலகத்துக்கே கேக் வாங்கிக் கொடுத்தேன். இன்றைக்கு அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

வீட்டில் தம்பி பாடுவதை நிறுத்திவிட்டான். சரியாகச் சாப்பிடவில்லை. சளி பிடித்திருக்கும் என்று அவனை உட்கார வைத்து, தலையில் துண்டைப் போட்டு, வெந்நீரில் ஆவி பிடிக்கச் செய்தேன். பிடித்தான். கண் சிவந்திருந்ததற்கு ஆவிதான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆய்வுக் கூட்டத்துக்கு முன்னால், திரை சொல்வது உண்மைதானா என்று ஒருவர் நேரில் போய், கையில் ஸ்டாப்வாட்ச்சோடு நிறுத்தத்தில் உட்கார்ந்து பார்த்துக் குறித்துக்கொண்டு வர வேண்டும். வழக்கமாக இளையவர்களை அனுப்புவோம். இந்தத் தடவை நானே போனேன். ஏழாம் எண் ஓட்டுநரின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்ற அற்ப ஆசைதான்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு நிழற்குடையின் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். எதிரே ஒரு மருந்துக் கடை, பக்கத்தில் ஒரு சந்து. சரியாக எட்டுப் பத்துக்கு வண்டி வந்தது. ஓட்டுநர் இருக்கையில் என் தம்பி.

அட, இன்றைக்கு ஏழாம் எண்காரர் லீவு போலிருக்கிறது, இவனை மாற்றி விட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதைத்தான் நினைத்தேன். ஸ்டாப்வாட்ச்சை அழுத்தினேன். நாலு பேர் ஏறினார்கள். தம்பி என்னைப் பார்க்கவில்லை. அவன் பார்வை முழுக்கச் சந்தின் வாயில் இருந்தது. கை கதவு பொத்தான் மேல் இருந்தது. அவனை நான் தூக்கி வளர்த்திருக்கிறேன், அந்த முகத்தை எனக்குத் தெரியும். அவன் மனைவியைக் கொண்டுபோன அன்று வாசலையே பார்த்துக்கொண்டு நின்ற முகம் அது. பன்னிரண்டாவது விநாடியில் கதவு மூடியது. வண்டி கிளம்பிப் பச்சையில் கடந்து போனது.

இருபத்தைந்து விநாடி கழித்து அந்தச் சந்திலிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள்.

நாற்பது வயது இருக்கும். தலை பாதிதான் பின்னியிருந்தது, மீதியைக் கையில் பிடித்திருந்தாள். தோளில் சாப்பாட்டுப் பை. போய்விட்ட வண்டியைப் பார்த்தாள். கோபப்படவில்லை. நிழற்குடைக்குள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டே பின்னலை முடித்தாள்.

அடுத்த வண்டி வர இன்னும் பதினெட்டு நிமிடம் என்று எனக்குத் தெரியும். பேச்சுக் கொடுத்தேன். அவள் மூக்குக்கண்ணாடிப் பட்டறையில் கண்ணாடி தேய்க்கிறவள். வீட்டில் யார் யார் என்று நைசாகக் கேட்டேன். அப்பா, அக்கா, அவள், அவ்வளவுதான். அப்பா படுத்த படுக்கை, ஒரு நிமிடம்கூடத் தனியே விட முடியாது. அக்கா ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடிந்து எட்டுப் பத்துக்குத்தான் வீட்டுக்குள் கால் வைப்பாள். அக்கா செருப்பைக் கழற்றும்போது இவள் செருப்பை மாட்டிக்கொண்டு ஓட வேண்டும்.

இந்த வாரம் பூராவும் லேட்டாம். மேற்பார்வையாளர் பொறுத்துப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமையிலிருந்து ஒரு நாள் லேட்டானாலும் சாயங்கால ஷிஃப்டுக்கு மாற்றிவிடுவேன் என்று சொல்லிவிட்டாராம். சாயங்காலம் அக்கா வேலைக்குக் கிளம்பிவிடுவாள். அப்பாவை யார் பார்ப்பது? வேலையை விட வேண்டியதுதான் என்று, ஏதோ பக்கத்து வீட்டு விஷயம் சொல்வதுபோல் சொன்னாள்.

இத்தனை நாள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டேன். பதில் தெரிந்தே கேட்டேன்.

"அந்த டிரைவர் நிப்பாட்டுவாருங்க. பேசினதில்ல. நான் ஏறினதும் கதவ மூடிட்டுக் கிளம்புவாரு, அவ்வளவுதான். போன வாரத்துலேர்ந்து நிக்கறதில்ல." சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டாள். "நாலு மாசமா ஒரு நாள்கூட நான் வாய் திறந்து நன்றின்னு சொல்லல. வெக்கமா இருந்துது. அதான் கோவமோ என்னமோ."

சீப்பு, காலர், குளியலறைப் பாட்டு எல்லாம் வரிசையாக வந்து என்னை அறைந்தன. நாலு மாதமாக என் தம்பியிடம் இருந்த ஒரே சந்தோஷம் தினம் நாற்பது விநாடிதான். அதையும் நான் சோறு போட்டுக்கொண்டே பிடுங்கியிருக்கிறேன். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, திங்கட்கிழமை வண்டி நிற்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. சிக்னலை அப்படியே வைத்துக்கொண்டு அவனை நிற்கச் சொன்னால், பள்ளி வேன்களும் சைக்கிள்காரர்களும் மறுபடி காய்வார்கள், சோதனையும் பாழாகும். அப்படி ஒரு நிலைமையில் என் தம்பி ஒரு விநாடிகூட நிற்க மாட்டான். முதலில் சிக்னலைத் திருத்த வேண்டும், அதற்கு மூன்று நாள்தான் இருந்தது.

எங்கள் அலுவலகத்தில் சிக்னல் பெட்டிகளைப் பார்த்துக்கொள்பவர் ஒருவர் இருக்கிறார். சிக்னல்காரர் என்றுதான் கூப்பிடுவோம். அதிகம் படித்தவர் இல்லை, அனுபவஸ்தர். திட்டம் தொடங்கிய முதல் மாதமே அவர் ஒரு யோசனை சொன்னார். நிறுத்தத்தில் வண்டி எவ்வளவு நேரம் நிற்கும் என்று எதற்கு ஊகிக்க வேண்டும், கதவு மூடியதும் பெட்டி பச்சை கேட்கட்டுமே என்றார். அறுபது மீட்டரைக் கடக்க ஒன்பது விநாடி கிடைக்கும், அது போதும் என்றார். கதவை நம்பிச் சிக்னல் நடத்துவதா என்று கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் நான் சிரித்தேன். என்னுடைய கணிப்புக் கணக்கு பார்க்க அழகாக இருந்தது, அதைக் கைவிட மனசில்லை.

வெள்ளிக்கிழமை நேரே அவர் மேஜைக்குப் போனேன். அன்று சொன்னீர்களே, அதைத் திங்கட்கிழமைக்குள் செய்ய முடியுமா என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எத்தனை குத்திக்காட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று நின்றேன். அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு நோட்டை எடுத்தார். அன்றைக்கே எழுதி வைத்திருந்தார், மனுஷன்.

அப்புறம் இயக்குநரிடம் போனேன். ஏழாம் எண் என் தம்பி, இன்று காலை தெரிந்தது என்றேன். பரிந்துரை வரியை அடித்துவிடச் சொன்னேன். ஓட்டுநர் நிற்பது கோளாறு இல்லை, நிற்பதற்கு இடம் கொடுக்காத என் கணிப்புதான் கோளாறு, அதை அப்படியே எழுதுங்கள் என்றும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விதிப்படி அந்த நிமிடத்திலிருந்து எட்டுப் பத்து வண்டியின் தரவை நான் தொடக்கூடாது, பதினான்காவது சிக்னல் பற்றிய பகுதியில் என் பெயர் வராது. அதற்குச் சம்மதமா என்று கேட்டார். ஐந்து வருடத்தில் அந்த ஒரு சிக்னலுக்குத்தான் நான் தலையால் தண்ணீர் குடித்திருந்தேன். வலிக்கத்தான் செய்தது. சம்மதம் என்றேன்.

சனிக்கிழமை மாலை சிக்னல்காரர் போன் செய்தார். காலி வண்டி ஒன்றை வைத்துப் பன்னிரண்டு தடவை ஓட்டிப் பார்த்தாராம், கதவு மூடும்வரை சிக்னல் தன் பாட்டுக்கு இருக்கிறது, மூடியதும் பச்சை நிற்கிறது என்றார். நன்றி சொல்லிவிட்டு, மன்னிப்பும் கேட்டேன். அவர் பதிலுக்கு, அந்தக் கேக் நன்றாக இருந்தது என்றார்.

தம்பி உள்ளே சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். காலருக்கு ஒரு தடவைதான் போட்டான். நான் போய் எதிரே நின்றேன்.

"ஏழாம் நம்பர் நீதானா?"

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். "ஆமாக்கா."

"அவ்வளவு திட்டினேனேடா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"என்னன்னு சொல்றது? அவங்க வருவாங்க, ஏறுவாங்க, இறங்குவாங்க. பேர்கூடத் தெரியாது."

"அப்புறம் ஏன் நிறுத்திட்ட?"

அவன் சட்டையின் கையை நீவிவிட்டுக்கொண்டே சொன்னான். "அஞ்சு வருஷம் உழைச்சிருக்க. எனக்காகக் காலம் பூரா உழைச்சிருக்க. என்னால அது கெடலாமா?"

நான் அழுதுவிட்டேன். அழுகிற ஆளில்லை நான், அவனுக்கே பயமாகிவிட்டது, இஸ்திரிப் பெட்டியை அணைக்கக்கூட மறந்து என்னைப் பிடித்துக்கொண்டான். அவன் சட்டையிலேயே மூக்கைத் துடைத்தேன். இன்னொரு தடவை போட்டுக்கொள்ளட்டும். அந்தப் பெண் சொன்னதையெல்லாம் சொன்னேன். அவள் அப்பாவை, அக்காவை, திங்கட்கிழமையை. கோபமோ என்னமோ என்று அவள் சொன்னதைச் சொன்னபோது அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நில்லுடா," என்றேன். "சிக்னல நாங்க பாத்துக்கறோம். நீ நில்லு."

திங்கட்கிழமை லீவு போட்டேன். திரையைத்தான் பார்க்கக்கூடாது, பேருந்தில் ஏறக்கூடாது என்று எந்த விதியும் இல்லையே. இரண்டு நிறுத்தம் முன்னாலேயே ஏறி, ஓட்டுநருக்குப் பின்னால் முதல் இருக்கையில் உட்கார்ந்தேன். கண்ணாடியில் என்னைப் பார்த்ததும் தம்பியின் காது சிவந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நிறுத்தம் வந்தது. கதவு திறந்தது. மூன்று பேர் ஏறினார்கள். பன்னிரண்டு விநாடி ஆயிற்று, கதவு மூடவில்லை. இருபது ஆயிற்று. கையில் பைல் வைத்திருந்த ஒருவர், போகலாமே என்று முனகினார். இரண்டாவது வரிசையிலிருந்து ஒரு அம்மா, "இருங்க, அந்தப் பொண்ணு வரணும்" என்று அதட்டினார். போன வாரம் பூரா விட்டுவிட்டு வந்தாரே என்று பின்னாலிருந்து ஒரு குரல் குறைப்பட்டது. வண்டிக்கே தெரிந்திருக்கிறது. பெட்டி வைத்து, விநாடிக்கு விநாடி குறித்து ஆராய்ச்சி செய்த எனக்குத்தான் தெரியவில்லை.

நாற்பது ஆயிற்று. சந்தில் யாரும் இல்லை. ஐம்பது. அவள் நம்பிக்கை விட்டு வேறு வழியில் போய்விட்டாளோ என்று எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஐம்பத்தைந்தில் தம்பியின் கை பொத்தானுக்குப் போனது. அறுபதில் அவள் வந்தாள். நடந்து வந்தாள். ஓடி என்ன ஆகப்போகிறது என்று விட்டிருப்பாள் போல. வண்டி நிற்பதைப் பார்த்ததும் ஒரு கணம் அப்படியே நின்றாள், அப்புறம் ஓடி வந்து ஏறினாள்.

கதவு மூடியது. வண்டி நகர்ந்தது. எதிரே சிக்னல் எங்களுக்காகப் பச்சையைப் பிடித்துக்கொண்டிருந்தது, குறுக்குச் சாலையில் அப்போதுதான் வந்து சேர்ந்த இரண்டு சைக்கிள்கள் மட்டும் நின்றன. கடந்தோம்.

அவள் உள்ளே போகவில்லை. ஓட்டுநர் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"ஒரு வாரமா ஏன் நிக்கல?" என்று கேட்டாள்.

ஏழு வருடமாகத் தட்டைக் கழுவப் போகிறவனுக்கு அங்கே எழுந்து போகவும் வழியில்லை. சாலையைப் பார்த்தபடி மென்று விழுங்கினான்.

"எங்க அக்கா திட்டினாங்க," என்றான்.

இரண்டாவது வரிசை அம்மா குபீரென்று சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், என் தம்பி பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"எந்த அக்கா?" என்று கேட்டாள்.

அவன் திரும்பாமல் கட்டைவிரலால் தோளுக்குப் பின்னால் காட்டினான். அவள் என்னைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை நிழற்குடையில் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டில் யார் யார் என்று விசாரித்தவள் நான்தான் என்று அவளுக்குப் புரிய இரண்டு விநாடி ஆனது. எழுந்து அந்த இடத்தை அவளுக்கு விட்டுவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.